தொழில் மாறினால் மனமும் மாறுமா?



தோட்டத்தில் முப்பத்தைந்து ஆண்டுகள் பால்மரம் வெட்டி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரை அண்மையில் சந்தித்தேன். மகனோடு பட்டணத்து அடுக்குமாடி வீட்டில் வசிக்கிறார். “பட்டணத்துக்கு வந்ததும் பிள்ளைங்க மாறிட்டாங்க ஐயா. பெரியவங்க பேச்சுக்கு மதிப்பு இல்ல. சொந்தக்காரங்க வீட்டுக் கல்யாணம்னாகூட லீவு கிடைக்கலேங்கிறாங்க. பக்கத்து வீட்டுக்காரங்க பேரே அவங்களுக்குத் தெரியாது” என்று வருந்தினார்.

இந்த வருத்தம் அவருக்கு மட்டும் உரியதன்று. தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்கள் பலவற்றில் இதே பேச்சைக் கேட்கலாம். பிள்ளைகள் மாறியிருப்பது உண்மைதான். ஆனால் அவர்கள் ஏன் மாறினார்கள்? பட்டணத்துக் காற்று பட்டதாலா? அல்லது செய்யும் தொழில் மாறியதாலா? இக்கேள்விக்கு விடை காண வேண்டுமானால், பிள்ளைகளை விட்டுவிட்டு, முதலில் நம் பாட்டன் பூட்டன் கதையைப் பார்க்க வேண்டும். ஏனென்றால் நம் குடும்பங்களில் மண்ணை விட்டுப் பெயர்ந்த முதல் தலைமுறை இன்றைய பிள்ளைகள் அல்லர்.

ஏர் பிடித்த காலம்

மலாயாத் தோட்டங்களுக்கு வந்த தமிழர்களில் பெரும்பாலோர் தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, சேலம், வடஆர்க்காடு போன்ற மாவட்டங்களைச் சேர்ந்த சிற்றூர் மக்கள். பலர் சொந்த நிலம் இல்லாத விவசாயக் கூலிகள். தஞ்சைப் பகுதியில் ‘பண்ணையாள்’ என்ற முறை இருந்தது. ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையாக ஒரே மிராசுதாருக்கு உழைக்கும். கூலி பெரும்பாலும் நெல்லாகவே அளக்கப்படும். குடியிருக்கும் குடிசையும் நிலக்காரருடைய இடத்தில்தான் இருக்கும். அவருக்குப் பட்ட கடனைத் தகப்பன் அடைக்காவிட்டால் மகன் உழைத்து அடைப்பான்.

இத்தகைய வாழ்க்கையில் ஒரு மனிதனுக்கு எவ்வகை எண்ணங்கள் வளரும்? நேரத்தைக் காட்டச் சூரியன் இருந்தது, கடிகாரம் தேவைப்படவில்லை. நடவு, களையெடுப்பு, அறுப்பு என்று பருவத்தை ஒட்டி வேலை வந்தது. அறுப்புக் காலத்தில் ஓய்வே இராது. கோடையில் வேலையே இராது. மழை பெய்வதும் பொய்ப்பதும் மனிதன் கையில் இல்லை. ஆகவே ‘விதித்தபடி நடக்கும்’ என்ற எண்ணம் வேரூன்றியது. உறவினரும் ஊராரும் இல்லாமல் நாற்று நட முடியாது, கூரை வேய முடியாது, பிணம் எடுக்க முடியாது. ஆகவே உறவை முறித்துக்கொள்ள எவரும் துணியவில்லை. யார் எந்தத் தெருவில் வாழலாம், எந்தக் கிணற்றில் நீர் மொள்ளலாம், யார் முன்னால் துண்டை இடுப்பில் கட்ட வேண்டும் என்பதையெல்லாம் சாதி வகுத்திருந்தது. அதை எதிர்த்துக் கேட்டவனுக்கு மறுநாள் வேலை இல்லை, இருக்க இடமும் இல்லை.

அடக்கம், பொறுமை, உறவுப் பாசம் என்று நாம் போற்றும் குணங்களில் பல இந்த மண்ணில் விளைந்தவை. அவற்றோடு அச்சமும் அடிமை மனப்பான்மையும் சேர்ந்தே விளைந்தன என்பதை நாம் மறத்தலாகாது.

கப்பலேறிய பிறகு

முதலில் ஒப்பந்தக் கூலி முறையில் ஆட்கள் வந்தனர். அம்முறை மலாயாவில் 1910-ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. அதற்கு முன்பே கங்காணி முறை வளர்ந்திருந்தது. கங்காணி தன் ஊருக்கே சென்று, தன் உறவினரையும் தெரிந்தவர்களையும் திரட்டி வருவார். 1907-இல் ஏற்படுத்தப்பட்ட குடியேற்ற நிதியிலிருந்து பயணச் செலவு கொடுக்கப்பட்டது. நாகப்பட்டினத்திலும் சென்னைக்கு அருகே ஆவடியிலும் இருந்த முகாம்களில் தங்கி, கப்பலேறி, பினாங்குக் கரையை அடைந்து, ஜெர்ஜாக் தீவில் நோய்த்தடுப்புக் காவலில் இருந்த பிறகே பலர் தோட்டத்தை வந்தடைந்தனர். 1938-இல் இந்திய அரசாங்கம் இவ்வாறு ஆள் அனுப்புவதைத் தடை செய்யும்வரை இந்தப் போக்குவரத்து நடந்தது.

வயலை விட்டு வந்தவர் மீண்டும் மரங்களுக்கு நடுவில்தானே வேலை செய்தார், இதிலென்ன மாற்றம் என்று கேட்கலாம். தோட்டம் பார்வைக்குக் காடு போல் இருந்தாலும், அது நடந்த முறை ஒரு தொழிற்சாலையின் முறை. பொழுது புலருமுன் தப்பு அல்லது மணி ஒலிக்கும். பிரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடும்போது நிற்க வேண்டும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். ஆகவே விடியற்காலையிலேயே நிரையில் இறங்கியாக வேண்டும். ஒருவருக்கு இத்தனை மரம் என்ற கணக்கு உண்டு. கொண்டுவந்த பால் அளக்கப்படும், எடை போடப்படும், கிராணியின் ஏட்டில் எழுதப்படும். மாதம் பிறந்தால் கையில் காசு வரும்.

இந்தக் காசுக்கூலி சிறியதுதான். 1928-இல் முக்கியப் பகுதிகளுக்கு விதிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. ஆனாலும் அது எண்ணிப் பார்க்கக்கூடிய கூலி. நெல் அளக்கும் மரக்கால் நிலக்காரர் கையில் இருந்தது. ‘ஐயா பார்த்துக் கொடுக்கிறார்’ என்று ஏற்றுக்கொள்வதைத் தவிர வேறு வழி இல்லை. நாளுக்கு 50 காசு என்று வந்தபிறகு, “எனக்கு எத்தனை நாள் பேர் விழுந்திருக்கிறது? ஏன் குறைகிறது?” என்று கேட்க முடிந்தது. உரிமை என்ற சொல்லைப் படித்தறியாதவரும் கணக்கு என்ற சொல்லின் வழியாக அதைக் கற்றுக்கொண்டார்.

பெண்ணின் நிலையிலும் மாற்றம் நேர்ந்தது. வயலிலும் அவள் உழைத்தாள். தோட்டத்திலோ அவள் பெயர் தனியாக ஏட்டில் ஏறியது. அவள் கூலி தனியாகக் கணக்கிடப்பட்டது. அது ஆணின் கூலியை விடக் குறைவாக இருந்தது அநீதியே. ஆயினும் தன் பெயரில் ஒரு கூலி இருக்கிறது என்ற நினைவு வீட்டிற்குள் அவள் குரலைச் சிறிது உயர்த்தியது. 1943-இல் நேதாஜி ஜான்சி ராணிப் படையை அமைத்தபோது தோட்டத்துப் பெண்களும் அதில் சேர்ந்தார்கள் என்பதை இவ்விடத்தில் நினைத்துப் பார்க்க வேண்டும்.

சாதியும் இளகியது. கப்பலில் அனைவரும் ஒரே தளத்தில் படுத்து வந்தார்கள். தோட்டத்தில் எல்லோருக்கும் ஒரே உளி, ஒரே வாளி, ஒரே கூலி. அதனால் சாதி அறவே ஒழிந்தது என்று சொல்வதற்கில்லை. சில தோட்டங்களில் லயங்களே சாதிவாரியாகப் பிரிக்கப்பட்டிருந்தன. கலியாணப் பேச்சிலும் கோயில் மரியாதையிலும் அது தலைகாட்டியது. ஆனால் ஒருவரைப் பட்டினி போடும் வலிமை அதற்கு இல்லாமற்போனது. 1929-ஆம் ஆண்டு இறுதியில் பெரியார் ஈ.வெ.ரா. மலாயாவுக்கு வந்து சுயமரியாதைக் கருத்துகளை எடுத்துரைத்தபோது, அவற்றைக் கேட்கப் பல காதுகள் ஆயத்தமாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

சைக்கிளை விட்டு இறங்க மறுத்தவர்கள்

மன மாற்றத்திற்கு ஒரு சான்று காட்டுகிறேன். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. தொழிலாளர்கள் சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி கேட்டார்கள். பிள்ளைகளுக்கு நல்ல பள்ளி கேட்டார்கள். கள்ளுக்கடைகளை மூடச் சொன்னார்கள். பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்தச் சொன்னார்கள். அவற்றோடு இன்னொரு கோரிக்கையும் இருந்தது. துரையோ கிராணியோ எதிரில் வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்றார்கள்.

இந்தக் கோரிக்கையால் ஒரு காசும் கூடுதலாகக் கிடைக்கப்போவதில்லை. ஆனாலும் அதைக் கேட்டார்கள். இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றவரின் மகன், சொந்தக் காசில் சைக்கிள் வாங்கி, அதைவிட்டு இறங்க மாட்டேன் என்று சொன்னான். அந்த ஒரு தலைமுறை இடைவெளியில் எவ்வளவு பெரிய தூரத்தைக் கடந்திருக்கிறார்கள்! வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்திய ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். துருப்புகள் வரவழைக்கப்பட்டன, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர். அன்றைய முதியவர்களில் சிலர், “இந்தப் பையன்களுக்குப் பயமே இல்லை, மரியாதை தெரியவில்லை” என்று நிச்சயம் சொல்லியிருப்பார்கள். இன்று அந்தப் பையன்களை நாம் முன்னோடிகள் என்று போற்றுகிறோம்.

இங்கிலாந்தில் நடந்ததும் இதுவே

இது தமிழருக்கு மட்டும் நேர்ந்ததன்று. நம்மை ஆண்ட இங்கிலாந்திலேயே, பதினெட்டாம் நூற்றாண்டிலும் அதற்குப் பின்னரும், ஊர்ப் பொதுநிலங்கள் வேலியிடப்பட்டுப் பெரு நிலக்காரர் வசமாயின. ஏழை உழவர்கள் பலர் மான்செஸ்டர் போன்ற நகரங்களின் பஞ்சாலைகளுக்குப் போனார்கள். 1851-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நகரவாசிகளே பாதிக்கு மேல் என்ற நிலை வந்துவிட்டது.

அவர்களுக்கும் முதலில் கடிகாரம் பகையாகவே இருந்தது. விருப்பம்போல் வேலை செய்து பழகிய கைவினைஞர்கள் திங்கட்கிழமையிலும் வேலைக்குப் போகாமல் இருப்பார்கள். ஆலை முதலாளிகள் மணியடித்தும் அபராதம் போட்டும் அவர்களை நேரத்திற்குப் பழக்கினார்கள். பழகிய பின் நடந்தது என்ன? தொழிலாளர்கள் அதே கடிகாரத்தைக் காட்டி, “இத்தனை மணிக்கு மேல் வேலை வாங்காதே” என்று போராடினார்கள். 1847-இல் பெண்களுக்கும் இளையோருக்கும் பத்து மணி நேர வேலைச் சட்டம் வந்தது. புதிய வாழ்க்கை ஒரு தளையைப் பூட்டும்போதே அதை அறுக்கும் கருவியையும் கையில் கொடுக்கிறது என்பதை இதிலிருந்து அறிகிறோம். பிரட்டுக் களத்தில் நேரம் கற்றுக்கொண்ட நம்மவர்களும் 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின்கீழ் ஒன்று திரண்டு, கூலிக்கும் நேரத்திற்கும் பேரம் பேசக் கற்றார்கள்.

இரண்டாம் பெயர்ச்சி

இனி, தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்கு வந்த கதைக்கு வருவோம். இதுவும் ஒரே நாளில் நடந்ததன்று. 1950-களிலும் 60-களிலும் வெள்ளையர் தோட்டங்கள் பல சிறு சிறு துண்டுகளாக விற்கப்பட்டன. தோட்டத் துண்டாடல் என்று நாம் சொல்லும் இந்நிகழ்ச்சியால் ஏராளமானோர் வேலையையும் வீட்டையும் ஒருங்கே இழந்தார்கள். அதைக் கண்டு 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர்களின் சிறு சேமிப்பைக் கொண்டு அச்சங்கம் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை முதன்முதலாக வாங்கியது.

1969-இல் குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதி பெற வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. ‘என்றைக்கானாலும் ஊருக்குத் திரும்பிவிடுவோம்’ என்ற நினைப்பிலோ, படிவங்கள் பற்றி அறியாமலோ, குடியுரிமைக்கு மனுச் செய்யாமல் சிவப்பு அடையாளக் கார்டோடு இருந்தவர்கள் இதனால் பெரும் அல்லலுற்றார்கள். ஆயிரக்கணக்கானோர் இந்தியா திரும்பினர். வாழும் நாட்டைத் தன் நாடாக எண்ணாத பழைய மனப்போக்கு எவ்வளவு விலை வாங்கியது, பாருங்கள்.

1970-களின் தொடக்கத்தில் பாயான் லெப்பாஸ், சுங்கைவே போன்ற இடங்களில் தடையற்ற வாணிப வட்டாரங்கள் அமைந்து, மின்னணுத் தொழிற்சாலைகள் வேலைக்கு ஆள் தேடின. ரப்பர் மரங்கள் அழிக்கப்பட்டுச் செம்பனை நடப்பட்டது. செம்பனைக்கு ரப்பரைவிடக் குறைந்த ஆட்களே போதும். பிறகு தோட்ட நிலங்களிலேயே வீடமைப்புத் திட்டங்களும் நெடுஞ்சாலைகளும் எழுந்தன. 1970-இல் இந்நாட்டு இந்தியரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினரே நகரங்களில் வாழ்ந்தார்கள். 2000-ஆம் ஆண்டில் அவர்கள் ஐந்தில் நான்கு பங்கினர் ஆகிவிட்டார்கள். முப்பதே ஆண்டுகளில் ஒரு சமுதாயம் இடம் பெயர்ந்துவிட்டது.

வீட்டுக்குள் நேர்ந்த மாற்றம்

இப்போது நம் பெரியவரின் குறைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

பெரியவர் பேச்சுக்கு மதிப்பில்லை என்றார். தோட்டத்தில் அப்பாதான் பிள்ளைக்கு உளி பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். பட்டையில் எவ்வளவு ஆழம் வெட்டலாம், மரத்துக்குக் காயம் படாமல் எப்படி வெட்டுவது என்பது அவருக்குத்தான் தெரியும். அனுபவம் கூடக்கூட அறிவும் கூடியது. ஆகவே மூத்தவருக்கு மதிப்பும் கூடியது. தொழிற்சாலையிலோ மகனுக்குத் தெரிந்த இயந்திரத்தை அப்பா பார்த்ததே இல்லை. படிவம் நிரப்பவும் வங்கிக்குப் போகவும் மகன்தான் வேண்டும். பிள்ளையின் நன்றி குறைந்துவிடவில்லை; அப்பாவின் அறிவுக்கு அன்றாட வாழ்வில் வேலை குறைந்துவிட்டது. இரண்டும் வெவ்வேறு.

கலியாணத்துக்கு வருவதில்லை என்றார். தோட்டத்தில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வேலை, ஒரே நேரத்தில் ஓய்வு. நண்பகலுக்குப் பின் எல்லோரும் வீட்டிலிருப்பார்கள். தொழிற்சாலையில் மூன்று வேளை முறை. அண்ணன் வேலை முடிந்து வரும்போது தங்கை வேலைக்குப் புறப்படுகிறாள். சேர்ந்து உண்ணும் நேரமே வாய்ப்பதில்லை.

பக்கத்து வீட்டார் பெயர் தெரியாது என்றார். லயத்தில் ஒரு வீட்டில் குழந்தை அழுதால் பத்து வீட்டுக்குக் கேட்கும். ஒரே குழாயடி, ஒரே ஆயாக் கொட்டகை, ஒரே கோயில், ஒரே சம்பள நாள். ஒற்றுமை அங்கே தானாக அமைந்தது. பட்டணத்தில் அதை நாமாக முயன்று அமைக்க வேண்டியிருக்கிறது.

நன்மைகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அந்நாளில் பிள்ளைகள் தாயோடு நிரைக்குப் போய் மங்கு துடைத்தும் ஒட்டுப்பால் பொறுக்கியும் உதவினார்கள். பிள்ளை என்றால் இரண்டு கைகள். பட்டணத்தில் பிள்ளையின் கைக்கு உடனே வேலை இல்லை. அவன் படித்தால்தான் குடும்பம் உயரும். ஆகவே பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்தது, படிப்பின் மதிப்பு உயர்ந்தது. ஆறாம் வகுப்போடு நின்ற தோட்டத்துப் பிள்ளைகளின் இடத்தில், இடைநிலைப் பள்ளியும் கல்லூரியும் காணும் பிள்ளைகள் வந்தார்கள். தொழிற்சாலைப் பேருந்து ஏறிய பெண், தன் சம்பளத்தோடு தன் திருமணத்தைப் பற்றிய கருத்தையும் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். துரையும் தண்டலும் சொல்வதே சட்டம் என்ற நிலை போனது.

இழப்பு எங்கே நேர்ந்தது?

அப்படியானால் இழப்பே இல்லையா? உண்டு. மிகப் பெரிய இழப்பு, பலர் எண்ணுவதுபோல், மனத்தில் மட்டும் நேரவில்லை. அது கூரையில் நேர்ந்தது. தோட்டத்தில் வீடு, பள்ளி, கோயில், ஆயாக் கொட்டகை, மருந்தகம் எல்லாம் வேலையோடு ஒட்டி வந்தன. ‘நம்ம தோட்டம்’ என்று மூன்று தலைமுறை சொல்லி வந்தோம். ஆனால் நிலப்பத்திரத்தில் நம் பெயர் ஒருபோதும் இருந்ததில்லை. பண்ணையாளின் குடிசையைப் போலவே லயத்து வீடும் பிறருடையது. தோட்டம் விற்கப்பட்ட அன்று அந்த உண்மை வெளிப்பட்டது. வேலை போனதோடு வீடும் ஊரும் போயின. புறம்போக்கு நிலங்களில் குடிசை போட்டவர்களின் பிள்ளைகள், பெரியவர் கண்காணிப்பும் இன்றி, நல்ல பள்ளியும் இன்றி, தவறான கூட்டங்களில் சேர்ந்தது உண்டு. அதைக் கண்டு ‘பட்டணம் கெடுத்துவிட்டது’ என்கிறோம். ஆயத்தமில்லாத பெயர்ச்சிதான் கெடுத்தது என்று சொல்வதே பொருந்தும்.

ஆகவே நாம் செய்யக்கூடியவை சில உண்டு. தோட்டத்தில் இன்னும் இருப்பவர்கள், ஓய்வுபெறும் நாளுக்குக் காத்திராமல், சொந்த வீட்டுக்கு இன்றே திட்டமிட வேண்டும். ஊழியர் சேமநிதியிலிருந்து வீடு வாங்கப் பணம் எடுக்கும் வசதி இருக்கிறது. அதை விசாரித்து அறியுங்கள். பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், அடையாளக் கார்டு ஆகியவற்றை உரிய காலத்தில் பெற்றுவிடுங்கள். 1969-இல் பட்ட பாடு ஒரு முறை போதும். பட்டணம் வந்தவர்கள், வாரத்தில் ஒரு வேளையாவது குடும்பமாக உட்கார்ந்து உண்ணும் வழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளுங்கள். அப்போது பெரியவர்களைப் பேசவிடுங்கள். எந்தக் கப்பலில் யார் வந்தார், எந்தத் தோட்டத்தில் எந்த நிரை வெட்டினார் என்பதைப் பிள்ளைகள் ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும். அப்பாவின் உளி அறிவுக்கு இன்று வேலை இல்லாமல் இருக்கலாம். அவருடைய நினைவுக்கு வேலை இருக்கிறது.

அன்று அந்தப் பெரியவரிடம் விடைபெறும்போது ஒன்று கேட்டேன். “ஐயா, நீங்கள் இளைஞராக இருந்தபோது உங்கள் அப்பா உங்களைப் பற்றி என்ன சொன்னார்?” என்றேன். சற்று யோசித்தார். பிறகு சிரித்துக்கொண்டே, “சங்கத்துக் கூட்டத்துக்குப் போறான், துரையையே கேள்வி கேக்கிறான், இவன் உருப்படமாட்டான்னு சொன்னாருங்க” என்றார். உள்ளேயிருந்து அவருடைய பேத்தி அதைக் கேட்டுக்கொண்டு வந்து, “தாத்தா, நீங்க துரையைக் கேள்வி கேட்டீங்களா? என்ன கேட்டீங்க?” என்று அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு புறப்படும்வரை அவர் சொல்லிக்கொண்டிருந்தார், அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

நேயர்களே, உங்கள் வீட்டிலும் இன்று அந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்.